சீஹார்ஸ் எக்ஸ்எஃப்இ96: புற்றுச் செல்லின் மூச்சை அளக்கும் கருவியில் எந்த எண்ணை நம்பலாம்?

புற்றுச் செல்களின் வளர்சிதை மாற்றம் பற்றிக் கட்டுரை அனுப்பினால், மதிப்பாய்வாளரிடமிருந்து திரும்பி வரும் முதல் கேள்வி பல நேரம் "சீஹார்ஸ் போட்டீர்களா?" என்பதுதான். கருவியின் பெயரே சோதனையின் பெயராகிவிட்டது. இங்கே எழுதுவது 96 வெல் (செல் வைக்கும் சிறு குழி) கொண்ட எக்ஸ்எஃப்இ96 பற்றியும், அதோடு அதிகம் பயன்படும் மைட்டோ ஸ்ட்ரெஸ் டெஸ்ட் கிட் (மைட்டோகாண்ட்ரியாவைச் சோதிக்கும் மருந்துத் தொகுப்பு) பற்றியும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆக்சிஜன் அளவீட்டில் இது நல்ல கருவி. அது தரும் அமில அளவை அப்படியே "கிளைக்காலிசிஸ்" (குளுக்கோஸை லாக்டேட் வரை உடைக்கும் பாதை) என்று எழுதுவது தவறு. செல் எண்ணிக்கை, எஃப்சிசிபி (சுவாசத்தை உச்சத்துக்கு ஏற்றும் மருந்து) அளவு, நார்மலைசேஷன் (எண்ணை வெல்லில் உள்ள செல் அளவுக்கு ஏற்பச் சரிப்படுத்துவது) ஆகிய மூன்றையும் சரிசெய்யாமல் ஓட்டினால், கோடுகள் அழகாக வரும், பொருள் இருக்காது.

கருவியை உருவாக்கியது மாசசூசெட்ஸில் இருந்த சீஹார்ஸ் பயோசயன்ஸ். 2015இல் அஜிலென்ட் அதை வாங்கியது. 8 வெல் கொண்ட சிறிய கருவி, 24 வெல் கருவி, 96 வெல் கருவி என்று ஒரு குடும்பமே இருக்கிறது. பிறகு வந்த எக்ஸ்எஃப் புரோவும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

அளக்கும் பொருள் புதிதல்ல. 1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் கட்டித் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, மூடிய கண்ணாடிக் குடுவையில் வைத்து, வாயு அழுத்தம் மாறுவதை மானோமீட்டரில் பார்த்தார். ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே அந்தத் திசு குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றித் தள்ளியது. அவர் அதை மைட்டோகாண்ட்ரியா பழுதானதன் அடையாளம் என்று எடுத்துக்கொண்டார். அது பொதுவிதி அல்ல. பெரும்பாலான புற்றுச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே வேலை செய்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசம், கிளைக்காலிசிஸ் ஆகிய இரண்டு பாதைகளில் ஒரு செல் எதில் எவ்வளவு நடக்கிறது என்பதே இன்றைய கேள்வி. அதை ஒரே பிளேட்டில் 92 வெல்லில் ஒரே நேரத்தில் கேட்க முடிகிறது என்பதுதான் இந்தக் கருவியின் பலம்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு வெல்லுக்கும் மேலிருந்து இறங்கும் ஒரு குச்சியின் நுனியில் இரண்டு ஒளிரும் பொருள்கள் பதிக்கப்பட்டிருக்கும். ஒன்றின் ஒளி ஆக்சிஜன் கூடக்கூட மங்கும். மற்றொன்று பிஎச் மாற்றத்துக்கு ஏற்ப மாறும். குச்சி இறங்கி, வெல்லின் அடித்தளத்திலிருந்து சுமார் 200 மைக்ரான் உயரத்தில் நிற்கும்போது, செல்களுக்கு மேல் 2 மைக்ரோலிட்டர் அளவே உள்ள தற்காலிகச் சிற்றறை உருவாகிறது. அவ்வளவு சிறிய இடத்தில் ஆக்சிஜன் குறைவது சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். மூன்று நிமிடம் அளந்ததும் குச்சி மேலேறி, மேலும் கீழுமாக அசைந்து மீடியத்தைக் கலக்கி, ஆக்சிஜனைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும். பிறகு அடுத்த அளவீடு. ஆக்சிஜன் குறையும் வேகம் ஓசிஆர், நிமிடத்துக்கு இத்தனை பிகோமோல். அமிலமாகும் வேகம் ஈகார், நிமிடத்துக்கு இத்தனை மில்லி பிஎச் அலகு.

பேட்டரி ஆய்விலிருந்து இந்தப் பக்கம் வருபவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு இரு புறமும் 150 முதல் 180 மில்லிவோல்ட் வரை மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது. எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி அதைச் சார்ஜ் செய்கிறது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செய்யும் ஏடிபி சிந்தேஸ் என்பது அதில் மாட்டிய சுமை. கிட்டின் முதல் மருந்தான ஒலிகோமைசின் அந்தச் சுமையைக் கழற்றிவிடும். அப்போதும் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் செலவு, பேட்டரி சும்மா இருக்கும்போதே தன்னைத்தானே இழப்பது போன்ற புரோட்டான் கசிவு. எஃப்சிசிபி இரு முனைகளையும் நேரடியாக இணைத்துவிடும் ஷார்ட் சர்க்யூட். சார்ஜ் செய்யும் பக்கம் தன்னால் முடிந்த உச்ச வேகத்தில் ஓடும். ரோட்டினோனும் ஆன்டிமைசினும் சங்கிலியின் முதல், மூன்றாம் காம்ப்ளெக்ஸ்களை (புரதக் கூட்டங்களை) அடைத்துச் சங்கிலியையே அறுத்துவிடும். அதற்குப் பிறகும் செலவாகும் ஆக்சிஜன் மைட்டோகாண்ட்ரியாவைச் சேர்ந்ததல்ல. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நீராக நான்கு எலக்ட்ரான் வேண்டும். அப்படிக் கணக்கிட்டால் நிமிடத்துக்கு 100 பிகோமோல் ஓசிஆர் என்பது சுமார் 0.64 மைக்ரோஆம்பியர் மின்னோட்டம். அந்த வெல்லில் 20,000 செல் இருந்தால் ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 32 பிகோஆம்பியர். நாணய வடிவப் பேட்டரிகளைச் சார்ஜ் செய்து சோதிக்கும் சைக்ளரில் பழகியவருக்கு இந்த எண் உடனே ஒரு பிடி கொடுக்கும். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக்கூடாது. சைக்ளரில் ஒரே பேட்டரியை ஆயிரம் முறை சார்ஜ் செய்து பார்க்கலாம். இங்கே ஒரு வெல் ஒரே ஒருமுறைதான் பேசும்.

தயாரிப்பு முந்தைய நாளே தொடங்குகிறது. அளக்கும் குச்சிகளும், மருந்து நிரப்பும் போர்ட்டுகளும் (குழிகளும்) உள்ள சென்சார் கார்ட்ரிட்ஜை நனைத்துவைக்க வேண்டும். வெல்லுக்கு 200 மைக்ரோலிட்டர் சுத்தமான நீர் ஊற்றி, கரியமிலவாயு இல்லாத 37 டிகிரி இன்குபேட்டரில் இரவு முழுக்க வைத்து, மறுநாள் நீரை அகற்றி அதே அளவு காலிப்ரன்ட் (சென்சாரைச் சரிபார்க்கும் கரைசல்) ஊற்றி, இன்னும் 45 முதல் 60 நிமிடம் வைப்பது நல்ல முறை. வழக்கமான செல் இன்குபேட்டரில் கார்ட்ரிட்ஜை வைப்பது முதன்முறை செய்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அங்குள்ள 5 சதவீத கரியமிலவாயு காலிப்ரன்ட்டை அமிலமாக்கிவிடும், பிஎச் காலிப்ரேஷன் சரியாக வராது. நீர் ஆவியாகிச் சென்சார் காய்ந்துபோவது இன்னொரு தொல்லை. இன்குபேட்டருக்குள் ஒரு தட்டில் நீர் வைத்தால் போதும். கருவியையும் முந்தைய இரவே இயக்கிவிட வேண்டும். வெப்பநிலை நிலைக்காமல் ஓட்டினால் முதல் சில அளவீடுகள் சாய்ந்துகொண்டே போகும்.

செல்களை 80 மைக்ரோலிட்டர் மீடியத்தில் விதைக்க வேண்டும். ஏ1, ஏ12, எச்1, எச்12 ஆகிய நான்கு மூலை வெல்களிலும் செல் போடக்கூடாது, மீடியம் மட்டும். அவைதான் பின்னணி. விதைத்தவுடன் இன்குபேட்டருக்குள் தள்ளாமல், அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் சமதளத்தில் விட்டுவைத்தால் செல்கள் பரவலாகப் படியும். உடனே உள்ளே வைத்தால் விளிம்பு வெல்கள் முதலில் சூடாகி, செல்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி வளையம் கட்டும். குச்சி அளப்பது வெல்லின் நடுப்பகுதியைத்தான். ஆகவே அந்த வளையம் தனி ஒரு பிழையாகவே பதிவாகும். ஓட்டுவதற்கு முன் 96 வெல்லையும் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைத் தவிர்ப்பதற்குக் காரணமே இல்லை.

ரத்தப் புற்றுச் செல்கள் போல மிதப்பவற்றுக்கு அடித்தளத்தில் செல்லை ஒட்டவைக்கும் செல்-டாக் பூச வேண்டும். மில்லிலிட்டருக்கு 22.4 மைக்ரோகிராம் என்ற அளவில், பிஎச் 8 உள்ள சோடியம் பைகார்பனேட் கரைசலில் கலந்து, 20 நிமிடம் வைத்துக் கழுவி உலர்த்தலாம். செல் போட்டபின் 200 ஜி விசையில் ஒரு நிமிடம், பிரேக் இல்லாமல் சுழற்றுவது முக்கியம். பிரேக் போட்டால் செல்கள் ஓரத்துக்குச் சறுக்கிவிடும்.

சோதனை நாளில் வளர்ப்பு மீடியத்தை அகற்றிச் சோதனை மீடியத்துக்கு மாற்ற வேண்டும். பிஎச் 7.4, ஹெப்பெஸ் (பிஎச்சை எளிதில் மாறவிடாத பஃபர்) 5 மில்லிமோலார், பைகார்பனேட்டும் ஃபீனால் ரெட் சாயமும் இல்லாத டிஎம்இஎம் என்ற மீடியம். அதில் குளுக்கோஸ் 10, பைருவேட் 1, குளூட்டமின் 2 மில்லிமோலார் சேர்ப்பது வழக்கம். பைகார்பனேட் இருந்தால் அது பஃபராக நின்று, செல் வெளியிடும் அமிலத்தை மறைத்துவிடும். மீடியத்தை உறிஞ்சும்போது வெல்லில் 20 மைக்ரோலிட்டராவது விட்டுவைக்க வேண்டும். முழுதாக உறிஞ்சினால் செல்கள் காய்ந்து உரிந்து வரும். இரண்டு முறை மெதுவாகக் கழுவி, கடைசி அளவு 180 மைக்ரோலிட்டர். பிறகு கரியமிலவாயு இல்லாத இன்குபேட்டரில் 45 முதல் 60 நிமிடம். இந்த நேரத்தில்தான் பிளாஸ்டிக்கிலும் மீடியத்திலும் ஒட்டியிருக்கும் கரியமிலவாயு வெளியேறும். இதைச் சுருக்கினால் ஈகார் கோடு தொடக்கத்திலேயே தடுமாறும்.

கிட்டைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பையிலும் ஒரு பிளேட்டுக்கான மூன்று குப்பிகள் உலர்ந்த நிலையில் வருகின்றன. சோதனை மீடியத்திலேயே கரைக்கலாம். ஒலிகோமைசின் குப்பிக்கு 630 மைக்ரோலிட்டர் ஊற்றினால் 100 மைக்ரோமோலார், எஃப்சிசிபி குப்பிக்கு 720 ஊற்றினால் அதே 100, ரோட்டினோனும் ஆன்டிமைசினும் சேர்ந்த குப்பிக்கு 540 ஊற்றினால் ஒவ்வொன்றும் 50 மைக்ரோமோலார். போர்ட்டில் ஊற்றுவது இறுதி அளவைப்போல் பத்து மடங்கு. ஒலிகோமைசின் இறுதியில் 1.5 வேண்டும் என்றால் குப்பியில் கரைத்த ஸ்டாக் 450 மைக்ரோலிட்டரோடு 2550 மீடியம் கலந்து 15 மைக்ரோமோலாராக்கி, முதல் போர்ட்டில் 20 மைக்ரோலிட்டர். இரண்டாவதில் எஃப்சிசிபி 22, மூன்றாவதில் ரோட்டினோன், ஆன்டிமைசின் கலவை 25. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் வெல்லின் கொள்ளளவு கூடுவதால்தான் இந்த ஏறுவரிசை: 180, 200, 222, 247. கரைத்ததை அன்றே பயன்படுத்த வேண்டும். மீதியை உறைய வைத்து அடுத்த வாரம் எடுப்பது வேண்டாம்.

மருந்தைத் தள்ளுவது காற்றழுத்தம். ஒரு வரிசை போர்ட்டுகள் (எல்லா வெல்லின் முதல் போர்ட்டுகளும் சேர்ந்து ஒரு வரிசை) எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் காற்று போகும். ஆகவே ஒரு வெல்லின் முதல் போர்ட்டை நிரப்பினால், பின்னணி வெல் உட்பட 96இன் முதல் போர்ட்டுகளையும் அதே அளவில் நிரப்பியே ஆக வேண்டும். ஒன்று காலியாக இருந்தால் காற்று அந்த வழியாக ஓடிவிடும், மற்ற வெல்களுக்கு மருந்து பாதிதான் இறங்கும். மருந்து வேண்டாத வெல்லுக்கு மீடியமோ மருந்தைக் கரைத்த கரைப்பானோ போடலாம். ஒரு வரிசையையே முழுதாகக் காலியாக விட்டால் பிரச்சினை இல்லை. பிப்பெட் நுனியைச் சாய்த்து, போர்ட்டின் பாதி ஆழம் வரை மட்டும் இறக்கி, மெதுவாக விட வேண்டும். அடிவரை குத்தினால் அடியிலுள்ள நுண்துளை வழியாக மருந்து முன்கூட்டியே ஒழுகும். குமிழைப் போக்க கார்ட்ரிட்ஜைத் தட்டினாலும் அதேதான் நடக்கும். ஓட்டம் முடிந்ததும் கார்ட்ரிட்ஜை ஒளியில் தூக்கிப் பார்த்தால், எந்தப் போர்ட்டில் திரவம் தங்கியிருக்கிறது என்று தெரியும். அந்த வெல்லைக் கணக்கிலிருந்து நீக்குவதற்கு அதைவிட நேர்மையான காரணம் கிடையாது.

மூன்று நிமிடம் கலக்கல், மூன்று நிமிடம் அளவீடு, நான்கு கட்டங்களிலும் மூன்று மூன்று முறை என்று வைத்தால் 72 நிமிடம். அதற்கு முன் காலிப்ரேஷனுக்குத் தனி நேரம்.

இனி எண்கள். ஓர் உதாரணக் கணக்கு: தொடக்க ஓசிஆர் 120, ஒலிகோமைசினுக்குப் பிறகு 40, எஃப்சிசிபிக்குப் பிறகு 220, கடைசியில் 20. மைட்டோகாண்ட்ரியாவைச் சேராத 20ஐக் கழித்தால் அடிப்படைச் சுவாசம் 100. ஏடிபிக்காகச் செலவானது 80, கசிவு 20, உச்சம் 200, உச்சத்துக்கும் அடிப்படைக்கும் உள்ள இடைவெளியான கையிருப்புத் திறன் 100. ஓர் ஆக்சிஜன் அணுவுக்கு 2.75 ஏடிபி என்று அஜிலென்ட் எடுக்கும் விகிதத்தைப் பயன்படுத்தினால், 80ஐ இரண்டாலும் 2.75ஆலும் பெருக்கி, நிமிடத்துக்கு 440 பிகோமோல் ஏடிபி. இந்தக் கணக்கில் அடிப்படைச் சுவாசமும் ஏடிபிப் பங்கும் உறுதியானவை. கையிருப்புத் திறன்தான் மிகவும் தளர்வான எண். ஆனால் கட்டுரைகளில் அதிகம் பேசப்படுவதும் அதுதான்.

காரணம் எஃப்சிசிபி. ஒவ்வொரு செல் வகைக்கும் அதன் உகந்த அளவு வேறு. 0.125 முதல் 2 மைக்ரோமோலார் வரை பல படிகளில் முதலில் ஓட்டிப் பார்த்தே தீர வேண்டும். குறைவாகப் போட்டால் உச்சம் எட்டாது. கூடினால் சுவாசமே அடங்கிவிடும். கோடு ஏறி உடனே சரிந்தால் அளவு கூடுதல் என்று பொருள். மீடியத்தில் அல்புமினோ சீரமோ இருந்தால் அது எஃப்சிசிபியைப் பிடித்துக்கொள்ளும், பழைய அளவு போதாது. ஆய்வுக்குரிய மருந்து கொடுத்த செல்லுக்கும் கொடுக்காத செல்லுக்கும் உகந்த அளவு மாறியிருக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அந்த நிலையில், மருந்து கையிருப்பைக் குறைத்ததா, எஃப்சிசிபி அளவு பொருந்தவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு நிலைகளுக்கும் தனித்தனியே படி பார்க்க வேண்டும்.

ஒலிகோமைசினும் குற்றமற்றதல்ல. டி98ஜி, யு87எம்ஜி என்ற மூளைக்கட்டிச் செல் வகைகளில், ஒலிகோமைசினுக்குப் பிறகு எஃப்சிசிபி கொடுத்தால் கிடைக்கும் உச்சம், ஒலிகோமைசின் இல்லாமல் நேரடியாகக் கொடுத்தால் கிடைப்பதைவிடக் குறைவு என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. கிட்டின் வரிசையை அப்படியே பின்பற்றினால் இந்தத் தாழ்வு கண்ணில் படாது. தீர்வு கடினமல்ல. சில வெல்களில் முதல் போர்ட்டில் ஒலிகோமைசினுக்குப் பதில் மீடியம் போட்டு, அதே பிளேட்டில் இரண்டு உச்சங்களையும் ஒப்பிடலாம். கிட்டோடு வரும் கையேட்டில் இது வழக்கமான கட்டுப்பாடாகவே இருந்திருக்க வேண்டும்.

செல் எண்ணிக்கை இன்னொரு வாசல். வெல்லுக்கு 5,000 முதல் 40,000 வரை நான்கைந்து அடர்த்திகளில் ஒருமுறை ஓட்டினால் ஓசிஆர் எங்கே நேர்கோடாக ஏறுகிறது என்று தெரியும். அடிப்படை ஓசிஆர் 20க்குக் கீழே இருந்தால் பின்னணி இரைச்சலிலிருந்து பிரிப்பது கடினம். மேல் எல்லையைக் காண, விகிதத்தைப் பார்க்காமல் மூல ஆக்சிஜன் அளவைத் திறந்து பார்க்க வேண்டும். அது 150 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டித் தொடங்கி, எஃப்சிசிபி கட்டத்தில்கூட 50க்குக் கீழே இறங்காமல் இருப்பது பாதுகாப்பு. கீழே இறங்கினால் செல்களுக்கு ஆக்சிஜனே போதவில்லை. அப்போது வரும் "குறைந்த கையிருப்பு" செல்லின் குணம் அல்ல, கூட்டத்தின் குணம். கருவியின் வேவ் மென்பொருளில் இந்தத் திரையைத் திறக்க ஓர் அழுத்தம் போதும். பின்னணி வெல் நான்கையும் அங்கேயே பார்த்துவிடலாம். ஒன்று கெட்டுப்போனாலும் நான்கின் சராசரியும் தவறாகி, அதுவே 92 வெல்களிலிருந்தும் கழிக்கப்படும், மொத்த பிளேட்டும் சேர்ந்து நகரும்.

அடுத்தது ஈகார், இந்தக் கருவியின் மிகப் பலவீனமான எண். லாக்டேட்டோடு வெளியேறும் புரோட்டான் மீடியத்தை அமிலமாக்குகிறது என்பது உண்மை. ஆனால் சுவாசத்தில் வெளியாகும் கரியமிலவாயுவும் நீரோடு சேர்ந்து பைகார்பனேட்டும் புரோட்டானுமாகப் பிரிந்து அதே அமிலத்தைத் தருகிறது. நன்றாகச் சுவாசிக்கும் செல் ஒன்றில் ஈகாரின் கணிசமான பங்கு மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வரலாம். ஒரு மருந்து ஓசிஆரையும் ஈகாரையும் சேர்த்துக் குறைத்தால், "இரண்டு பாதையும் அடைபட்டது" என்று எழுதுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். மேலும் ஈகார் என்பது பிஎச் மாற்றம் மட்டுமே. ஹெப்பெஸ் 5 மில்லிமோலார் உள்ள டிஎம்இஎமிலும் 1 மில்லிமோலார் உள்ள ஆர்பிஎம்ஐ என்ற இன்னொரு மீடியத்திலும், அதே அளவு லாக்டேட் வேறு வேறு ஈகாரைத் தரும். இரண்டு கட்டுரைகளின் ஈகாரை அருகருகே வைத்து ஒப்பிடுவது அதனால் வீண். பஃபர் திறனைக் கணக்கில் எடுத்துப் புரோட்டான் வெளியேற்ற வேகமாக மாற்றி, ரோட்டினோன், ஆன்டிமைசின் கொடுத்துச் சுவாசத்தின் பங்கைக் கழிக்கும் கிளைக்கோலிட்டிக் ரேட் சோதனைதான் சரியான வழி. அதில் கடைசியில் போடும் 2-டீஆக்சிகுளுக்கோஸ் இறுதியில் 50 மில்லிமோலார். போர்ட்டில் அதைப்போல் பத்து மடங்கு கெட்டியாக இருப்பதால், பிஎச்சை 7.4க்குச் சரிசெய்யாமல் விட்டால் ஊசி இறங்கும் கணத்தில் பொய்யான ஒரு தாவல் தெரியும். சந்தேகம் இருந்தால் அதே வெல்லின் மீடியத்தை எடுத்து லாக்டேட்டை நேரடியாக என்சைம் கிட்டில் அளந்துவிடலாம். செலவு குறைவு, விடை நேரடியானது.

நார்மலைசேஷனுக்குப் புரத அளவு எளிது. ஆனால் செல்-டாக், மேட்ரிஜெல் போன்ற பூச்சும் புரதம்தான், கணக்கில் கலந்துவிடும். செல்லின் பருமனை மாற்றும் மருந்தானால் புரத அளவே மாறியிருக்கும். ஹெக்ஸ்ட் சாயம் போட்டு உட்கருக்களைப் படமெடுத்து எண்ணுவதே நம்பகமானது. டிஎன்ஏவோடு சேரும் சாயக் கிட்டுகள் அடுத்த நிலை. இன்னொன்று, ஒரே பிளேட்டில் உள்ள எட்டு வெல்கள் எட்டு சோதனைகள் அல்ல. அவை ஒரே சோதனையின் எட்டு அளவீடுகள். வேறு நாளில் வேறு பாசேஜில் (செல்களைப் பிரித்து மறுபடி வளர்த்த சுற்றில்) விதைத்த பிளேட்டே தனிச் சோதனை. இதைக் கலந்துவிட்டு வரும் மிகச் சிறிய பி மதிப்புகள் (புள்ளியியல் நம்பக எண்கள்) இந்தத் துறையில் நிறைய.

கருவி சொல்லாதவையும் உண்டு. எரிபொருள் எது என்று அது நேரடியாகக் காட்டாது. தடுப்பான் போட்டு ஊகிக்க வேண்டும், ஊகம் தடுப்பானின் சுத்தத்தைப் பொறுத்தது. கொழுப்பு அமில எரிப்பைத் தடுக்க எட்டொமாக்சிரை 200 மைக்ரோமோலார் வரை போடும் பழக்கம் இருந்தது. அந்த அளவில் அது முதல் காம்ப்ளெக்ஸையே தடுக்கிறது என்று 2018இல் மார்பகப் புற்றுச் செல்களில் காட்டப்பட்டது. ஓசிஆர் விழும், ஆனால் கொழுப்புக்காக அல்ல. எட்டொமாக்சிர் உள்ள எரிபொருள் சோதனைக் கிட்டில் பரிந்துரைக்கும் 4 மைக்ரோமோலாரில் நிற்பதே சரி. கார்பன் எங்கே போகிறது என்று அறிய கார்பன்-13 குறியிட்ட குளுக்கோஸோ குளூட்டமினோ கொடுத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில்தான் பார்க்க வேண்டும். அதற்கு மாற்று இதில் இல்லை.

வெல்லுக்குள் இருப்பது கட்டிக்குள் இருக்கும் சூழலும் அல்ல. காற்றளவு ஆக்சிஜன், ரத்தத்தில் இருப்பதைப் போல் இரு மடங்கு குளுக்கோஸ், சீரம் இல்லாத மீடியம், பக்கத்தில் வேறு செல் எதுவும் இல்லை. முதல் காம்ப்ளெக்ஸைக் குறிவைத்து எம்டி ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் உருவான ஐஏசிஎஸ்-010759 என்ற மருந்து ஆய்வகத்தில் மிகக் குறைந்த அளவிலேயே சுவாசத்தை அடக்கியது. மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனைக்குப் போனபோது ரத்தத்தில் லாக்டேட் ஏற்றமும் நரம்புப் பாதிப்பும் தலைகாட்ட, சோதனைகள் நிறுத்தப்பட்டன. 2023இல் அந்த முடிவுகள் வெளியாயின. நரம்புச் செல்லும் அதே சங்கிலியில்தான் ஓடுகிறது. மருந்தைத் தேடும் குழு, புற்றுச் செல் பிளேட்டுக்குப் பக்கத்தில் இயல்பான செல்லுக்கும் ஒரு பிளேட் ஒதுக்க வேண்டும். செலவு இரட்டிப்பாகும் என்றாலும் இதில் சிக்கனம் கூடாது.

செலவு என்றால் கருவியின் விலையைவிடத் தொடர்செலவுதான் ஆய்வகத்தை அழுத்தும். கார்ட்ரிட்ஜ் ஒருமுறைப் பொருள், காலாவதித் தேதியும் உண்டு. கழுவி மீண்டும் போடலாமா என்ற ஆசை எல்லா இடத்திலும் எழும். ரோட்டினோனும் ஆன்டிமைசினும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் குணம் கொண்டவை. அடுத்த பிளேட்டின் அடிப்படைச் சுவாசம் தொடக்கத்திலேயே குறைந்திருந்தால் காரணம் கண்டுபிடிக்க முடியாது. மிச்சம்பிடிக்க ஏற்ற இடம் மருந்துக் கிட். நான்கு சேர்மங்களும் தனியே கிடைக்கின்றன. டிஎம்எஸ்ஓவில் கெட்டியான ஸ்டாக் கரைத்து, சிறு பங்குகளாக மைனஸ் 20இல் வைத்துக்கொண்டால் ஒரு பிளேட்டுக்கான செலவு வெகுவாகக் குறையும். புதிய தொகுதி கரைக்கும்போதெல்லாம் எஃப்சிசிபி படியை மட்டும் திரும்பப் பார்த்துவிட வேண்டும். கரைப்பான் அளவு எல்லா வெல்லிலும் ஒன்றாக இருக்கட்டும். நால்வகை விஷத்தையும் கையுறையோடு கையாள வேண்டும். மூன்று போர்ட் கரைசல்களையும் அடுத்தடுத்து ஊற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் நுனியை மாற்ற வேண்டும்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு மாதிரிகள் மட்டுமே பார்க்கும் ஆய்வகத்துக்கு ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் உருவான ஓரோபோரோஸ் ஓ2கே என்ற சுவாசமானி பொருத்தமாக இருக்கும். இரண்டு சிற்றறைகள்தான், ஒவ்வொன்றிலும் பொதுவாக 2 மில்லிலிட்டர். ஆனால் எஃப்சிசிபியைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி ஒரே மாதிரியில் உச்சத்தைக் காணலாம். சவ்வைத் துளைத்து ஒவ்வொரு எரிபொருளாகக் கொடுத்துப் பார்ப்பதும் அதில் வசதி. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அறையை எத்தனாலால் பலமுறை கழுவும் பொறுமை வேண்டும். நாள்கணக்கில் சுவாசம் எப்படி மாறுகிறது என்பதே கேள்வி என்றால், இன்குபேட்டருக்குள்ளேயே பிளேட்டின் மேல் உட்காரும் ரெசிஃபர் வகைக் கருவிகள் ஏற்றவை. அவை ஊசி போடாது. பல மருந்து, பல செல் வகை, பல அளவு என்று அகலமாகத் தேடுபவருக்குத்தான் எக்ஸ்எஃப்இ96 உரியது. அகலமில்லாத வேலைக்கு 8 வெல் கருவியே போதும். அதில் ஆறு வெல்தான் செல்லுக்கு, இரண்டு பின்னணிக்குப் போய்விடும் என்பதை நினைவில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

வாங்கும் முன் விற்பனையாளர் செய்துகாட்டும் நாளில் அவர்கள் கொண்டுவரும் செல்லைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். உங்கள் செல்லையே கொடுங்கள். ஒரே பிளேட்டில் நான்கு அடர்த்தி, நான்கு எஃப்சிசிபி அளவு, ஒலிகோமைசின் உள்ளதும் இல்லாததும் என்று கேளுங்கள். ஓட்டம் முடிந்ததும் மூல ஆக்சிஜன் திரையையும் பின்னணி வெல் நான்கையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும், ஆண்டுப் பராமரிப்பில் என்னென்ன அடங்கும், கார்ட்ரிட்ஜ் வந்து சேரும்போது காலாவதிக்கு எத்தனை மாதம் மீதி இருக்கும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.